திடம் வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தை அல்ல

டீ சப்பென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே வரும் பதில், "இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்." அங்கேதான் டீ கெடுகிறது. நேரம் போகப் போக நிறம் ஏறும். அதோடு நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும் தொண்டையில் தங்கும் கசப்பும் ஏறும். ஆனால் நாம் தேடிய திடம் மட்டும் வந்து சேராது.

இலையில் இருப்பதெல்லாம் ஒரே வேகத்தில் தண்ணீரில் இறங்குவதில்லை. மணம் தரும் பொருட்களும், மெல்லிய இனிப்போடு நாக்கில் நிறைந்து நிற்கும் அமினோ அமிலங்களும், காபீனில் பெரும்பகுதியும் முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். துவர்ப்பையும் கசப்பையும் தரும் பாலிஃபீனால்கள் அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆக, குறைந்த இலையை நெடுநேரம் ஊறவிட்டால் நல்லது கொஞ்சமும் கடுமையானது நிறையவும் கிடைக்கிறது. அதே தண்ணீரில் கூடுதல் இலையைப் போட்டு, சரியான நேரத்தில் வடித்துவிட்டால் திடமும் வரும், வாயும் இழுக்காது. டீ போடும் எல்லோரும் இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால்கூட எனக்குப் போதும். மற்றதெல்லாம் இதைச் செய்து முடிப்பதற்கான வழிமுறைதான்.

எனக்கு வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். எதையும் நிறுத்து, அளந்து, குறித்துவைப்பது கைப்பழக்கமாகிவிட்டது. என் தம்பிக்கு அது பிடிக்காது. "அக்கா, கிராம் கணக்கெல்லாம் எதுக்கு? எத்தனை ஸ்பூன்னு மட்டும் சொல்லு" என்பான். எந்த ஸ்பூன், எந்த இலை என்று தெரியாமல் அதைச் சொல்லவே முடியாது. என் வீட்டு டீஸ்பூனில் குவித்து எடுத்தால், பால் டீக்குப் போடும், குருணையாக இருக்கும் சிடிசி தூள் கிட்டத்தட்ட 3 கிராம் நிற்கும். நீளமாக முறுக்கிய கறுப்பு டீ இலை அதில் பாதிதான். பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் இடைப்பட்ட வகையான ஊலாங், உருண்டையாகச் சுருட்டியது என்றால் 3 கிராமைத் தாண்டும். மொட்டும் இலையுமாகப் பஞ்சாகக் கிடக்கும் வெள்ளை டீ ஒரு கிராமைத் தொட்டாலே பெரிது. ஒரே ஸ்பூன், ஒரே கை, ஆனால் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். "கப்புக்கு ஒரு ஸ்பூன்" என்ற கணக்கை வைத்துக்கொண்டு வெள்ளை டீ போட்டவர்கள், அதில் ருசியே இல்லை என்று ஒதுக்கிவிடுவது இதனால்தான்.

0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. சாதாரண சமையலறைத் தராசு ஒரு கிராமுக்கு ஒரு கிராம் தாவும். அது 2 என்று காட்டும்போது உள்ளே இருப்பது ஒன்றரையாகவும் இருக்கலாம், இரண்டரையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே டீ வேறாகிவிடும். அப்படிப்பட்ட தராசுதான் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. நீங்கள் வழக்கமாக எடுக்கும் அதே கைவாக்கில் பத்து ஸ்பூன் இலையைக் கிண்ணத்தில் போட்டு நிறுங்கள். வந்த எடையைப் பத்தால் வகுங்கள். அதுதான் உங்கள் ஸ்பூனில் அந்த இலையின் எடை. அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி டீ டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள். புது டப்பா, புது இலை என்றால் மறுபடி நிறுக்க வேண்டும். ஒரே டப்பாவுக்குள்ளும் பொடி அடியில் இறங்கி, பெரிய இலை மேலே நிற்கும். மேலாக எடுக்கும் ஸ்பூனும் அடியில் சுரண்டும் ஸ்பூனும் ஒன்றல்ல. பொடி வேகமாக இறங்கி டீயைச் சட்டென்று கறுக்க வைக்கும். எடுப்பதற்கு முன் டப்பாவை ஒருமுறை மெதுவாகச் சாய்த்துப் புரட்டிக்கொள்ளுங்கள். குலுக்கினால் இலை உடையும்.

தண்ணீரையும் அளக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "ஒரு கப்" என்பது 120 மில்லியாகவும் இருக்கும், 350 மில்லியாகவும் இருக்கும். காலி கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நீங்கள் வழக்கமாக நிரப்பும் இடம் வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம், ஆகையால் தனியாக அளவுக் குவளை தேவையில்லை. ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் கப்பின் கணக்கு எப்போதைக்கும் தெரிந்துவிடும். ஈர இலை தன் எடையைப் போலச் சில மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதால், ஊற்றியதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கப்பில் விழும்.

இப்போது அளவு. பால் இல்லாத கறுப்பு டீக்கு நான் வைத்துக்கொள்ளும் அடிப்படை, 100 மில்லி தண்ணீருக்கு ஒன்றேகால் கிராம். 200 மில்லி கப்புக்கு இரண்டரை கிராம், 240 மில்லிக்கு 3 கிராம். தொழில்முறையில் டீயைச் சுவைத்து ஒப்பிடுவதற்காக ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது, 1980இல் வந்தது. அது 100 மில்லிக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம் என்கிறது. சிலர் இதைப் படித்துவிட்டு வீட்டிலும் அப்படியே போட்டு முகம் சுளிக்கிறார்கள். அந்த அளவு ரசித்துக் குடிப்பதற்கு வைத்ததல்ல. இலையில் ஒளிந்திருக்கும் குறை, நிறை எல்லாம் துலக்கமாக வெளியே தெரிய வேண்டும், உலகில் எங்கே சோதித்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது.

நான் சொல்வதை நம்புவதைவிட நீங்களே பார்த்துவிடுவது நல்லது. ஒரே மாதிரி கப் ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் 200 மில்லி கொதிநீர். முதல் மூன்றில் 2, 3, 4 கிராம் இலை. மூன்றையும் சரியாக 3 நிமிடத்தில் வடியுங்கள். மீதி இரண்டிலும் 2 கிராம் மட்டும்; ஒன்றை 5 நிமிடத்திலும் மற்றதை 8 நிமிடத்திலும் வடியுங்கள். வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் வரிசையாக ஒவ்வொரு வாய் குடித்துப் பாருங்கள். 4 கிராம் கப்பையும் 8 நிமிடக் கப்பையும் அருகருகே வைத்தால் நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வாயில் வைத்தால் தெரியும். 4 கிராம் கப் நாக்கின் நடுவில் கனமாக உட்காரும், மூக்குக்கு மணம் ஏறும். 8 நிமிடக் கப்போ பற்களுக்குப் பின்னால், கன்னத்தின் உள்பக்கம் உலர்ந்து இழுக்கும், மணம் மங்கியிருக்கும். 2 கிராம், 3 நிமிடம் கப் மெலிதாகத்தான் இருக்கும், ஆனால் அதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. டீயைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் இந்த ஐந்து வாய் சொல்லிக்கொடுக்கும் அளவு சொல்லிக்கொடுக்காது. வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவர்களையும் குடிக்கச் சொல்லுங்கள், எது எந்தக் கப் என்று சொல்லாமல்.

சூட்டுக்கு வருவோம். கறுப்பு டீக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஊற்ற வேண்டும். அரைச் சூட்டில் ஊற்றினால் நிறம் மட்டும் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. பச்சை டீக்கு அதே கொதிநீர் ஆகாது. கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டெச்சின்கள் சூடு கூடக் கூட வேகமாக இறங்கும். அமினோ அமிலங்களுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை, 70 டிகிரியிலேயே நன்றாக இறங்கும். அதனால் சூட்டைக் குறைத்தால் இனிப்பு நிற்கும், கசப்பு தள்ளி நிற்கும். பச்சை டீ என்றாலே கசக்கும், உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 75 டிகிரியில் ஒருமுறை போட்டுக் கொடுங்கள், அடுத்த கப்பை அவர்களே கேட்பார்கள்.

வெப்பமானி இல்லாமலே அந்தச் சூட்டைப் பிடிக்கலாம். மூன்று பங்கு கொதிநீரோடு ஒரு பங்கு சாதாரண நீர் சேர்த்தால், அறை நீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 82 டிகிரி வரும். இரண்டுக்கு ஒன்று என்றால் 76. பாத்திரமும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கீழே இருக்கும். 200 மில்லிக்கு 150 கொதிநீர், 50 சாதாரண நீர். இதையும் தராசிலேயே அளந்துவிடலாம். தனியாக ஒரு குவளையில் கலந்துவிட்டு இலை மேல் ஊற்றுங்கள். கலக்கும் நீர் குடிக்கத் தகுந்த, முன்பே காய்ச்சி ஆறிய நீராக இருக்க வேண்டும். அடுப்பில் வைத்த பாத்திரத்தைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். அடியில் கடுகளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டு, ஆவி லேசாக எழும்பும்போது பச்சை டீக்கான சூடு. குமிழிகள் வரிசையாக மேலேறத் தொடங்கினால் அது ஊலாங்குக்கு ஆகும்.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் ஏறாது. அங்கே கறுப்பு டீக்கு இலையைக் கொஞ்சம் கூட்டி, நேரத்தை அரை நிமிடம் நீட்டலாம். முதல் முறை ஊறவிடும்போதே நேரத்தைக் கூட்டச் சொல்ல எனக்கு மனம் வரும் இடம் இது ஒன்றுதான்.

தண்ணீர் என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். கால்சியம் போன்ற உப்புகள் நிறைந்த கடின நீரில் போட்ட கறுப்பு டீயின் மேலே, ஆறும்போது பழுப்பாக மெல்லிய படலம் படியும். கப்பின் ஓரத்தில் வளையமாக ஒட்டும். நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும், காற்றுப்பட்டு மாறிய டீப் பொருட்களும் சேர்ந்து உருவாக்குவது அது. அந்த நீரில் டீ கறுத்து, மணம் அடங்கிப்போகும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் படலம் போய்விடும், நிறமும் வெளுக்கும், ஆனால் டீயின் ருசியும் மாறிவிடும். மென்மையான நீர் கிடைத்தால் அதுவே மேல். அதற்காக உப்பே இல்லாமல் வடித்த நீரும் சரிப்படாது. டீ வெறுமையாக, தட்டையாக இருக்கும். உங்கள் குழாய் நீர் கடினமா என்று தெரியவில்லையென்றால் கெட்டிலின் உள்ளே பாருங்கள். வெள்ளைப் படிவு சீக்கிரம் சேர்ந்தால் கடின நீர். அப்போது உப்பு நீக்கி வடிகட்டிய நீரையும் குழாய் நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். குளோரின் வாடை இருந்தால் நீரை ஒரு பாத்திரத்தில் திறந்து வைத்துவிட்டுப் பிறகு காய்ச்சுங்கள்.

ஒருமுறை கொதித்த நீரை மறுபடி கொதிக்கவைத்தால் ஆக்ஸிஜன் போய் டீ கெட்டுவிடும் என்று சொல்வார்கள். முதல் கொதியிலேயே கரைந்திருந்த காற்று அநேகமாக முழுதும் வெளியேறிவிடும், இரண்டாம் கொதியில் இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் நெடுநேரம் கொதித்து வற்றினால் மிஞ்சும் நீரில் உப்புகளின் செறிவு கூடும். அதைத் தவிர்த்தால் போதும்.

பாத்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, இலைக்கு இடம் வேண்டும். சங்கிலியில் தொங்கும் சின்ன உருண்டை வடிகட்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஊலாங் உருண்டை ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் போட்டுக் கொதிநீர் ஊற்றிப் பாருங்கள். முதலில் அடியில் கிடக்கும். பிறகு ஒரு முனை அவிழும், காம்பு நிமிரும், மடிப்பு மடிப்பாகப் பிரிந்து கடைசியில் பற்கள் தெரியும் முழு இலையாக விரிந்து நிற்கும். மிளகளவு இருந்தது விரல் நீளம் ஆகிவிடும். அந்த இலையைச் சின்ன உருண்டைக்குள் அடைத்தால் வெளிச்சுற்று மட்டும் ஊறும், நடுவில் இருப்பது பாதி உலர்ந்தே கிடக்கும். இலையை எத்தனை துல்லியமாக நிறுத்தும் பயனில்லை. கப்பின் வாய் அகலத்துக்கு, அடிவரை இறங்கும் கூடை வடிகட்டி நல்லது. அதுவும் இல்லையென்றால் ஒரு பாத்திரத்தில் இலையைச் சும்மா போட்டு ஊறவிட்டு இன்னொன்றில் வடித்துவிடுங்கள், அதைவிடச் சிறப்பு எதுவும் இல்லை. பீங்கான் பாத்திரமென்றால் முன்னால் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். ஆறிய பீங்கான் கொதிநீரின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். ஊறும்போது மூடி வையுங்கள். நேரம் முடிந்ததும் கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். ஆனால் இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழிய வேண்டாம்.

ஒவ்வொரு டீக்கும் தொடங்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் 200 மில்லிக்கு. முழு இலைக் கறுப்பு டீ இரண்டரை கிராம், கொதிநீர், மூன்றரை நிமிடம். உடைந்த இலையென்றால் மூன்று நிமிடத்துக்குள் வடியுங்கள். பச்சை டீயும் இரண்டரை கிராம், 75 முதல் 80 டிகிரி, 2 நிமிடம். ஆவியில் அவித்துச் செய்யும் ஜப்பானியப் பச்சை டீ இன்னும் மென்மையானது, 70 டிகிரியில் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் போதும். ஊலாங் 3 கிராம், 90 முதல் 95 டிகிரி, 3 நிமிடம். வெள்ளை டீ 3 கிராம், 80 முதல் 85 டிகிரி, 4 அல்லது 5 நிமிடம். அது நிதானமாகத்தான் இறங்கும், நிறத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

பால் டீ போடுபவர்களுக்குக் கணக்கு வேறு. சிடிசி என்பது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் முறை; 1930களில் அசாமில் உருவானது. எல்லாப் பக்கமும் உடைந்த குருணை என்பதால் இரண்டு நிமிடத்தில் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிடும். பாலிலுள்ள கேசின் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு மட்டுப்படும். எனவே பால் டீக்குக் கூடுதல் இலை தாங்கும், வேண்டவும் வேண்டும். 150 மில்லி தண்ணீர், 5 கிராம் தூள், 100 மில்லி பால் என்று தொடங்குங்கள். தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு, சிறு தீயில் 2 நிமிடம். பிறகு சூடான பாலைச் சேர்த்து, ஒரு கொதி எழும்பியதும் இறக்கி வடித்துவிடுங்கள். குளிர்ந்த பாலென்றால் மறுபடி கொதி வருவதற்குள் தூள் வீணாக நெடுநேரம் கிடந்துவிடும்.

இந்த அளவுகள் தொடக்கத்துக்குத்தான்; உங்கள் இலைக்கும் உங்கள் நாக்குக்கும் ஏற்பத் திருத்த வேண்டும். திருத்தும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மெலிதாக, ஆனால் மணமாக இருந்தால் அரை கிராம் கூட்டுங்கள். மெலிதாகவும் கசப்பாகவும் இருந்தால் முதலில் நேரத்தைக் குறையுங்கள், அடுத்த முறை இலையைக் கூட்டுங்கள். திடமாக இருந்தும் வாய் இழுத்தால் முதலில் அரை நிமிடம் குறைத்துப் பாருங்கள். பச்சை டீயானால் சூட்டை ஐந்து டிகிரி இறக்குங்கள். திடமும் மணமும் சரி, ஆனால் கனம் அதிகம் என்றால் வடித்த டீயில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குடியுங்கள், அதில் எந்தத் தப்பும் இல்லை. கிராம், மில்லி, டிகிரி, நிமிடம் என்று நான்கு எண்களை மட்டும் டப்பா மூடியில் எழுதி வையுங்கள். நன்றாக வந்த டீயை மறுநாளும் அப்படியே போட அவ்வளவுதான் வேண்டும்.

நல்ல முழு இலையை ஒருமுறை ஊற்றிவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். ஊலாங், பச்சை, வெள்ளை மூன்றும் இரண்டாம் முறைக்கும் தாங்கும். நேரத்தை ஒரு நிமிடம் போலக் கூட்டினால் போதும். சின்னப் பாத்திரத்தில் 100 மில்லிக்கு 5 கிராம் என்று இலையை அள்ளிப் போட்டு, 20 நொடியில் வடித்து, அடுத்தடுத்த முறை பத்துப் பத்து நொடி கூட்டிக்கொண்டே போகும் முறையும் உண்டு. இலை நிறைய, நேரம் கொஞ்சம் என்பதன் கடைசி எல்லை அது. ஒரே இலை ஒவ்வொரு முறையும் வேறு முகம் காட்டும்; ஓய்வான நாளில் செய்து பாருங்கள்.

டப்பா காற்றும் வெளிச்சமும் புகாததாக இருக்கட்டும், மசாலாப் பொருட்கள் பக்கத்தில் வேண்டாம், அடுப்புக்கு மேல் அலமாரியும் வேண்டாம். பச்சை டீயைப் பிரித்தால் சில மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள். பாத்திரத்தில் ஏறும் பழுப்புக் கறைக்குச் சமையல் சோடாவை ஈரத்தில் குழைத்துத் தேய்த்தால் போதும், மணமுள்ள சோப்பு வேண்டாம், அதன் வாடை தங்கிவிடும்.

வெயில் காலத்துக்குக் குளிர்ந்த நீரிலேயே ஊறவைக்கலாம். ஒரு லிட்டர் குடிநீருக்கு 8 முதல் 10 கிராம் இலை, மூடி ஃப்ரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம், பிறகு வடித்துவிடுங்கள். குளிர் நீரில் கசப்பு அவ்வளவாக இறங்காது என்பதால் இங்கே மட்டும் ஒரு மணி நேரம் முன்பின் ஆனாலும் கெடாது. அடுத்த நாளுக்குள் குடித்துவிடுங்கள். கொதிநீரில் திடமாகப் போட்ட கறுப்பு டீயை ஃப்ரிட்ஜில் வைத்தால் கலங்கிப்போகும். காபீனும் பாலிஃபீனால்களும் குளிரில் ஒன்றுசேர்ந்து பிரிவதால் வருவது அது, டீ கெட்டதன் அடையாளமல்ல. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கினால் தெளிந்துவிடும்.